தோல் பதனிடுபவரின் மகனும் குன்னூர் மருந்தும்

மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க மலையேறும் சின்ன இரயிலில் குன்னூருக்குச் செல்பவர்கள் ஏராளம். சிம்ஸ் பூங்காவைப் பார்ப்பார்கள், மலரைக் காண்பார்கள், மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், தேயிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பூங்காவை ஒட்டினாற்போல் உள்ள ஒரு கட்டடத்தின் வாயிற் பலகையில், இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வைத்தறியாத ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை அவர்களில் எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள்? லூயி பாஸ்டர் என்பது அந்தப் பெயர்.

அரசர் பெயரால் கட்டடம் உண்டு. ஆளுநர் பெயரால் சாலை உண்டு. கோடீசுவரர் பெயரால் கல்லூரி உண்டு. தோல் பதனிடும் தொழிலாளி பெற்ற பிள்ளையின் பெயரால், ஏறத்தாழ ஐயாயிரம் மைலுக்கு அப்பால், நீலகிரி மலைமீது ஒரு நிலையம் நூறாண்டுக்கும் மேலாக நிற்கிறது என்றால், அந்தப் பிள்ளை செய்தது என்ன என்று பாட்டாளித் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டாமா? அவர் செய்த நல்லதையும் அறியவேண்டும். அவர் மறைத்ததையும் அறியவேண்டும். மறைத்தது என்று சொல்லுகிறோமே என்று திடுக்கிட வேண்டாம். பெரியவர் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் வணங்குவது நமது பழக்கமல்ல. அந்தப் பழக்கம் விஞ்ஞானத்துக்கும் ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்கடியைப் பற்றி நாடெங்கும் வாதம் நடக்கிறது. 2025-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே தெருநாய் விவகாரத்தைக் கையில் எடுத்தது. நாயைப் பிடி என்போர் ஒரு பக்கம், விடு என்போர் மறுபக்கம். கடிபட்டவன் எந்தப் பக்கம்? கடிபடுபவன் யார்? காரில் போகிறவனா? விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கிறாளே ஒரு தாய், அவள். இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்புகிறானே ஒருவன், அவன். பள்ளிக்கு நடந்து போகும் அவர்களுடைய பிள்ளை. வெறிநாய்க்கடி ஏழையைத் தேடிவரும் நோய்.

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டின் ஜூரா மலைப் பகுதியிலே டோல் என்ற ஊரில் பாஸ்டர் பிறந்தார். தந்தையார் நெப்போலியனின் படையில் சார்ஜண்டாக இருந்து, போர் முடிந்ததும் குலத்தொழிலுக்குத் திரும்பி, தோலை ஊறவைத்துப் பதனிட்டு வயிறு வளர்த்தவர். குடும்பம் பிறகு ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. தோல் ஊறும் தொட்டியின் நாற்றத்திலே வளர்ந்தான் சிறுவன். வாணியம்பாடித் தோழர்களுக்கும் ஆம்பூர்த் தோழர்களுக்கும் அந்த நாற்றத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

சிறுவனுக்கு எட்டு வயது நடந்தபோது, 1831-ஆம் ஆண்டு, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பக்கத்து ஊர்களில் புகுந்து கண்டவரையெல்லாம் கடித்துக் குதறிற்று. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்கு இழுத்துச் சென்றார்கள். கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சினான். காயத்தின் மேல் வைத்தான். அதுதான் அன்றைய வைத்தியம்! அந்த அலறலைப் பட்டறை வாயிலில் நின்று கேட்டவர்களில் தோல் தொழிலாளியின் மகனும் ஒருவன். இரும்பு வைத்தும் பலர் பிழைக்கவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து இதே நோயைப் பிடித்து ஆட்டப்போகிறவன் தான் என்று அந்தச் சிறுவனுக்குத் தெரியாது.

அவர் மருத்துவம் படித்தவரல்லர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் பின்னால் வரும். அவர் படித்தது இரசாயனம். 1848-ஆம் ஆண்டில், திராட்சை இரசத்தில் படியும் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பொறுக்கி, இடக்கையும் வலக்கையும் போல எதிரெதிராய் அமைந்த இரண்டு வகை உண்டு என்று காட்டினார். அப்போது வயது இருபத்தைந்து. பிறகு லீல் நகரத்தில் ஆசிரியரானார். சாராய ஆலைக்காரர்களின் தொட்டி கெட்டுப்போகிறது என்று அழைத்தார்கள், போய்ப் பார்த்தார். புளிப்பது தானாகப் புளிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் புளிக்கவைக்கின்றன என்று கண்டார். அந்த உயிர்களை மிதமான சூட்டால் அடக்கலாம் என்று திராட்சை மதுவுக்கு வழிசெய்தார். பிற்காலத்தில் அதே முறை பாலுக்கு வந்தது. காலையில் நம் வீட்டு வாயிலுக்கு வரும் பால் உறையிலே அவருடைய பெயர் வினைச்சொல்லாகி ஒட்டிக்கொண்டிருக்கிறது!

உயிர் தானாகவே முளைக்கும், அழுகிய இறைச்சியிலும் ஊறிய நீரிலும் பூச்சி தானே பிறக்கும் என்று அந்நாளில் படித்தவர்களும் நம்பினார்கள். அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த கண்ணாடிக் குடுவை செய்தார் பாஸ்டர். உள்ளே சாற்றைக் கொதிக்கவைத்தார். காற்று போகும், தூசி வளைவில் தங்கிவிடும். சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்தார், கெட்டது. அவ்வளவுதான் வாதம். மேடையில் மூன்று மணி நேரம் முழங்கினாலும் இந்தக் குடுவைக்கு ஈடாகாது என்று, மேடையேறிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட நாமே ஒப்புக்கொள்கிறோம்.

புகழ் வளர்ந்தது, வீட்டிலே இருள் சூழ்ந்தது. 1859-ல் மூத்த மகள் டைபாய்டில் மாண்டாள். 1865-ல் இரண்டு வயதுக் குழந்தை. அடுத்த ஆண்டு இன்னொரு மகள், அவளும் டைபாய்டில். 1868-ல் பக்கவாதம் தாக்கி அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. நாற்பத்தைந்து வயது. அந்தக் கையோடும் காலோடும்தான் பின்னாளின் பெரிய வேலைகளைச் செய்தார். பட்டுப்புழுவின் நோயைத் தீர்க்கச் சில ஆண்டுகள் செலவிட்டார். அது தனிக் கதை, விட்டுவிடுகிறோம்.

நல்ல மனிதரா என்று கேட்டால், எளிதில் பழகக்கூடியவர் அல்லர். தாம் நிர்வகித்த கல்லூரியில் காட்டிய கெடுபிடி பொறாமல் மாணவர் கிளர்ச்சியே நடந்து, அவர் பதவியிலிருந்து விலகவேண்டி வந்தது. பேரரசன் மூன்றாம் நெப்போலியனுக்கு வேண்டியவர். குடியரசு வந்தபிறகு, 1876-ல், செனட்டுக்குத் தேர்தலிலும் நின்றார். தோற்றார்! தேர்தல் வேலை பார்த்த தோழர்கள் புன்னகை செய்வது நமக்குத் தெரிகிறது.

இனி, தடுப்பு மருந்துக்கு வருவோம். ஆங்கிலேயர் ஜென்னர், பசுவின் அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார் அல்லவா? அது இயற்கை தந்த வாய்ப்பு. கிருமியைப் பிடித்து, அதன் கொடுமையைக் குறைத்து, அதையே காவலனாக்க முடியுமா என்பது பாஸ்டர் கேட்ட கேள்வி. கோழிக் காலராவிலே முடியும் என்று 1880-ல் காட்டினார். பிறகு, ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்.

1881-ஆம் ஆண்டு மே மாதம், பாரிஸுக்கு அருகே பூயி-லெ-போர் என்ற கிராமத்துப் பண்ணையிலே பகிரங்கப் பரீட்சை! இருபத்து நான்கு ஆடுகளுக்குத் தடுப்பு மருந்து; இருபத்து நான்கு ஆடுகளுக்கு இல்லை. சில மாடுகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மே 31-ஆம் நாள் கொடிய கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் நாள் ஊரே திரண்டது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மருந்து பெற்றவை நின்றன. பெறாத ஆடுகள் செத்துக் கிடந்தன, எஞ்சியவை கண்முன்னே சாய்ந்தன. உலகம் கைதட்டியது.

கைதட்டல் ஓயட்டும், நாம் ஒன்று சொல்லவேண்டும். அன்று அந்த ஆடுகளுக்குப் போட்ட மருந்து எது? காற்றிலுள்ள பிராணவாயுவால் கிருமியை மெலியவைக்கும் தமது முறைதான் என்று எல்லோரும் எண்ணும்படி பாஸ்டர் நடந்துகொண்டார். உண்மையில் போட்டது, அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான், பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற இரசாயனத்தைச் சேர்த்துச் செய்த மருந்து. இராணிப்பேட்டைத் தோல் தொழிலாளி அறிந்த குரோமிய உப்புகளின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது. இரசாயனத்தால் அடைப்பானை அடக்கலாம் என்று ஓராண்டு முன்னதாகவே சொன்னவர் துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவர் தூசேன். அவருக்குரிய பங்கு அன்று அவருக்குத் தரப்படவில்லை. சில ஆண்டுகளில் அவர் நோயுற்று மறைந்தார்.

இது எப்படித் தெரிந்தது? பாஸ்டர் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேடுகள் நூற்றுக்கு மேல். யாருக்கும் காட்டவேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவைத்தார். பேரன் 1964-ஆம் ஆண்டில் அவற்றைப் பிரெஞ்சு தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். பிறகு அவற்றைப் புரட்டிப் பார்த்து, 1995-ஆம் ஆண்டு கெய்சன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் நூல் எழுதினார். மாக்ஸ் பெருட்ஸ் போன்ற பெரிய விஞ்ஞானிகள் பாஸ்டருக்காக வாதாடினார்கள், கெய்சன் மிகைப்படுத்துகிறார் என்றார்கள். ஆனால் டைக்ரோமேட் மருந்து என்பது ஏட்டிலேயே எழுதியிருக்கிறது. அதை அழிக்க யாராலும் ஆகாது.

மருந்து பலித்ததே, பிறகென்ன என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். எந்த மருந்தால் பலித்தது என்று சொன்னால்தானே இன்னொருவன் அதைச் செய்து பார்க்க முடியும்? பிறர் செய்து பார்த்து, அதே விளைவு வந்தால்தான் விஞ்ஞானம். இல்லையேல் மந்திரவாதி சீடனுக்கும் சொல்லாத மூலிகைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

வெறிநோய்க்கு வருவோம். வெறிபிடித்த நாயின் எச்சிலில் உள்ள நுண்கிருமி, காயத்தின் வழியே நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போகிறது. பல வாரங்கள் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம். மூளையை அடைந்தபிறகு, தாகம் எடுக்கும், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும், காற்றுப் பட்டால் உடல் துடிக்கும். அதன்பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. பாஸ்டர் கண்ட சூட்சுமம் இதுதான்: நோய் மெதுவாக நடக்கிறது, நாம் ஓடினால் முந்தலாம்! கடித்தபிறகு ஊசி போட்டாலும், கிருமி மூளைக்குப் போய்ச் சேருமுன் உடல் தன் படையைத் திரட்டிக்கொள்ளும்.

அந்தக் கிருமியை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவருடைய பூதக்கண்ணாடிக்கு அகப்படாத சிறுமை அதற்கு. லியோன் நகரத்துக் கால்நடை ஆசிரியர் கல்த்தியே, முயலுக்கு நோயை ஏற்ற முடியும் என்று வழிகாட்டியிருந்தார். பாஸ்டரும் உதவியாளர் ரூவும் முயலின் முதுகுத் தண்டுவடத்தை எடுத்து, காரக்கல் போட்ட சீசாவில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். இரண்டு வாரம் உலர்ந்தது வலுவிழந்தது. ஒரு நாள் உலர்ந்தது கொடியது. மெலிந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் கொடியதை ஏற்றிக்கொண்டு போவது முறை. நாய்களிடம் சோதனை நடந்துகொண்டிருந்தது.

நடந்துகொண்டிருந்தது, முடியவில்லை. அப்போது, 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், அல்சாசிலிருந்து ஒரு தாய் ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். சிறுவன் பெயர் ஜோசப் மைஸ்டர். இரண்டு நாளுக்கு முன் நாய் கடித்து உடம்பெங்கும் காயம்.

என்ன செய்வார் பாஸ்டர்? அவர் மருத்துவரல்லர், ஊசி போடச் சட்டம் இடந்தராது என்று முன்னே சொன்னோம் அல்லவா? மருத்துவர்கள் வுல்பியானும் கிராஞ்சேயும் சிறுவனைப் பார்த்தார்கள், போடலாம் என்றார்கள். கிராஞ்சே ஊசி போட்டார். பத்து நாளில் பதின்மூன்று ஊசி. கடைசி ஊசி கொடிய கிருமி! உடனிருந்து உழைத்த ரூ, மனிதனுக்குப் போடும் காலம் இன்னும் வரவில்லை என்று கருதி ஒதுங்கிக்கொண்டார். நமக்கு அந்த ரூவைப் பிடித்திருக்கிறது. குருவுக்கு எதிரே நின்று, இன்னும் சோதனை முடியவில்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்?

சிறுவன் பிழைத்தான். அக்டோபரில், சிறுவர் கூட்டத்தைக் காக்க வெறிநாயோடு மல்லுக்கட்டிய பதினைந்து வயது ஆட்டிடையன் ஜூப்பீய் வந்தான், அவனும் பிழைத்தான். பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ருசியாவின் சுமோலென்ஸ்கிலிருந்து, ஓநாய் கடித்த பத்தொன்பது குடியானவர்கள் வந்தார்கள். பதினாறு பேர் உயிரோடு திரும்பினார்கள். 1886 மார்ச்சில் 350 பேருக்குச் சிகிச்சை செய்ததாகவும், இறந்தது ஒருவரே என்றும் பாஸ்டர் அறிவித்தார். அந்த ஒருவர், கடித்து முப்பத்தேழு நாள் கழித்துக் கொண்டுவரப்பட்ட பத்து வயதுச் சிறுமி லூயிஸ் பெல்த்தியே. காலம் கடந்துவிட்டது, கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தும், பெற்றோர் முகம் பார்த்துச் சிகிச்சை செய்தார். அவள் படுக்கையருகே அமர்ந்திருந்தார். அந்தக் கதையைப் படிக்கும்போது அந்தக் கடுமையான மனிதரிடம் நமது கோபம் தணிந்துவிடுகிறது.

ஆனால் மைஸ்டருக்கு முன்பே, நோய் முற்றியிருந்த இருவருக்கு அவர் ஊசி போடச்செய்ததும், அவர்களில் ஒரு சிறுமி இறந்ததும் குறிப்பேட்டில்தான் இருந்தன, வெளியே சொல்லவில்லை. மைஸ்டருக்குப் போட்ட அதே வரிசையில் நாய்களுக்குச் செய்த சோதனை அப்போதுதான் தொடங்கியிருந்தது என்பதும் ஏட்டிலிருந்தே தெரிந்தது. போட்டது சரியா, தவறா? போடாவிட்டால் சிறுவன் மாண்டிருக்கக்கூடும். போட்டு மாண்டிருந்தால் ஊசியே கொன்றதாயிருக்கும். அன்று அதைத் தீர்மானிக்கச் சட்டமும் இல்லை, குழுவும் இல்லை. ஒரு மனிதரின் நெஞ்சும், இரண்டு மருத்துவர்களின் சம்மதமும்தான் இருந்தன. ஒரு மனிதர் பாஸ்டராயிருந்தார், பலித்தது. எல்லா ஊரிலும் எல்லா நாளும் பாஸ்டரே இருப்பாரா?

இங்கிலாந்து அரசு அப்படி நம்பிவிடவில்லை. 1886-ல் ஒரு குழுவை ஏற்படுத்தியது. அதன் செயலாளர் ஹார்ஸ்லி பாரிஸுக்குப் போய், முறையைக் கற்று, திரும்பிவந்து, தாமே முயல்களிடமும் நாய்களிடமும் செய்து பார்த்தார். பாஸ்டர் சொன்னது மெய் என்று 1887-ல் குழு அறிவித்தது. பாஸ்டரைப் பற்றிய ஆயிரம் பாராட்டுரைகளைவிட, சந்தேகத்தோடு செய்த அந்தச் சோதனைதான் அவருக்குச் செய்த மரியாதை.

அதோடு நின்றதா? நாய்க்கு வாய்க்கூடு கட்டு, வெளிநாட்டு நாயைத் துறைமுகத்திலேயே தடுத்து வை என்று சட்டம் செய்தார்கள். சீமாட்டிகள் சீறினார்கள், நாய்ப் பிரியர்கள் நாளேடுகளில் எழுதினார்கள். அரசு அசையவில்லை. 1902-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெறிநோய் ஒழிந்தது!

அதே 1902. அதே முடியாட்சிக்குட்பட்ட நீலகிரியில், லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் துடித்து மாண்டாள். ஊசி போடும் இடம் இந்தியாவிலே ஒன்றே ஒன்று. அது 1900-ல் இமயமலை அடுக்கில் கசௌலியில் அமைக்கப்பட்டது. குன்னூரிலிருந்து கசௌலிக்கு எத்தனை நாள் பயணம்! வெள்ளைக்காரப் பெண் மாண்டதும் கண் திறந்தது. அதற்கு முன் லயன்களிலும் படுகர் ஹட்டிகளிலும் சமவெளிச் சேரிகளிலும் மாண்டவர்களுக்குப் பெயருமில்லை, கணக்குமில்லை. கசப்பாகத்தான் இருக்கிறது. எனினும் பிறந்த பலன் பலருக்குமானது, அதை மறுக்கமாட்டோம்.

மக்கள் நன்கொடை திரண்டது. அமெரிக்காவில் கார்னகியோடு கூட்டாளியாய் இரும்பில் பொருள் குவித்த ஹென்றி பிப்ஸ், வைசிராய் கர்சனிடம் கொடுத்திருந்த பணத்தில் ஒரு பகுதியும் வந்தது. 1907-ஆம் ஆண்டு தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் குன்னூரில் திறக்கப்பட்டது. இரயில் 1899-லேயே குன்னூர் வந்துவிட்டது. குளிர்ச்சியோ மலையே தருவது. தென்னாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கடிபட்டோர் மலையேறினார்கள். அதே வளாகத்தில்தான் 1918-ல், தீட்டிய அரிசியால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடத்தை மக்காரிசன் தொடங்கினார். ஐதராபாத்தில் இன்றுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் தாய்வீடு அது. அரிசி உண்ணும் நாம் அதைப்பற்றி வேறொரு நாள் பேசவேண்டும்.

1911-ல் கசௌலியில் செம்பிள் என்பவர், ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று மருந்து செய்தார். தூரத்து மருத்துவமனைகளுக்கும் அனுப்பக்கூடிய மருந்து. அதுதான் தொப்புளைச் சுற்றிப் போட்டார்களே, அந்த ஊசி! நாம் பள்ளியில் படித்த நாளில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த ஊசி போட்டார்கள். நாயைவிட ஊசிக்கு அதிகம் பயந்தான் அவன். தினம் காலையில் வீட்டார் தெருத் தெருவாகத் தேடிப் பிடித்தார்கள். இலட்சக்கணக்கானவரைக் காத்தது அந்த மருந்து. ஆனால் ஆட்டு மூளையின் நரம்புப் பொருள் அதில் கலந்திருந்ததால், சிலருக்குப் பக்கவாதம் போன்ற கோளாறு வந்தது. திசு வளர்ப்பு முறையில் தூய மருந்து வந்தபிறகும் நாட்டில் பழையது நீடித்தது, காரணம், மலிவு. 2005-ஆம் ஆண்டு முதல்தான் அது இந்தியாவில் கைவிடப்பட்டது. புதிய மருந்தைக் குன்னூர் நிலையமும் தயாரித்தது.

மருந்து என்றால் அது நன்மைக்கே என்று கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பாஸ்டரின் பாரிஸ் நிலையத்தில் பயின்ற ஹாப்கின் இந்தியா வந்து, பம்பாயில் பிளேக் நோய்க்கு மருந்து செய்தார். 1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு அதைப் போட்டார்கள். ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற பத்தொன்பது பேர், வில்வாத ஜன்னி கண்டு மாண்டார்கள். பழி ஹாப்கின்மேல் விழுந்தது, வேலை போயிற்று. பிறகு விவரம் வெளிவந்தது: புட்டியைத் திறந்த இடத்தில் இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது, சரியாகச் சுத்தம் செய்யாமலே அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1907-ல் அவர்மீதிருந்த பழி நீங்கியது. கண்டுபிடித்தவர் ஒருவர், காய்ச்சியவர் ஒருவர், புட்டியில் அடைத்தவர் ஒருவர், திறந்தவர் ஒருவர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பத்தொன்பது உயிர்! வெறிநோய் மருந்திலேயே 1960-ல், பிரேசில் நாட்டின் போர்த்தலேசாவில், கிருமி முழுதும் சாகாமல் போனதால் பதினெட்டுப் பேர் மாண்டார்கள். நாய் கொல்லவில்லை, மருந்து கொன்றது.

ஆகவே விதி வேண்டும், சோதிப்பவர் வேண்டும், சோதிப்பவர் செய்பவரின் கையாளாக இருக்கக்கூடாது. நமது நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் இருக்கிறது. அதன் எம் அட்டவணை, மருந்து செய்யும் கூடம் எப்படி இருக்கவேண்டும் என்று வகுக்கிறது. 2001-ல் அது கடுமையாக்கப்பட்டது.

அந்த விதி குன்னூர் வாயிலையே ஒருநாள் அடைத்தது. 2008 ஜனவரியில், விதிப்படி கூடங்கள் இல்லை என்று சொல்லி, குன்னூர், கசௌலி, கிண்டி மூன்று பொதுத்துறை நிலையங்களின் தயாரிப்பு உரிமத்தை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் காசநோய்த் தடுப்பு மருந்தும் பெருமளவில் இந்த மூன்று இடங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. இயந்திரங்கள் ஓய்ந்தன. தனியார் கம்பெனிகளிடம் கைநீட்ட வேண்டிவந்தது, தட்டுப்பாடு வந்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. 2010 பிப்ரவரியில் நிறுத்தம் விலக்கப்பட்டது. பின்னர் புதிய விதிக்கேற்ற கூடம் கட்டும் வேலை தொடங்கியது.

நமது தோழர்களில் பலர், இது தனியாருக்காக நடந்த சதி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாம் அவ்வளவு எளிதாக முடிக்கமாட்டோம். சர்க்கார் நிலையம் என்பதற்காகச் சுத்தத்தில் சலுகை கேட்க முடியாது. ஏழைக் குழந்தைக்குப் போடும் ஊசி, பணக்காரக் குழந்தைக்குப் போடும் ஊசியைவிட ஒரு மாற்றுக் குறைந்ததாக இருக்கலாமா? சோதித்தது சரி. குறை கண்டதும் சரி. ஆனால் அந்தக் கூடங்கள் யாருடையவை? சர்க்காருடையவை. பழுது பார்க்கப் பணம் ஒதுக்கவேண்டியவர் யார்? சர்க்கார். விதியை எழுதியவரும் அவரே, பின்பற்றவேண்டியவரும் அவரே, தண்டித்தவரும் அவரே! குடியிருப்பவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனே வந்து பூட்டுப் போடுவது போல. ஒரு கூடத்தைச் சீர்செய்துகொண்டே மறுகூடத்தில் வேலை நடத்தத் திட்டம் போட்டுவிட்டுப் பூட்டியிருந்தால் யாரும் குறைசொல்லமாட்டார்கள். மாற்று ஏற்பாட்டைச் சரிவரச் செய்யாமல் பூட்டியதால் தண்டனை அடைந்தது, தவறே செய்யாத கைக்குழந்தை.

பாஸ்டரின் கடைசி ஆண்டுகள் தளர்ச்சியில் கழிந்தன. மக்கள் தந்த நன்கொடையால் எழுந்த பாரிஸ் நிலையம் 1888 நவம்பர் 14-ல் திறக்கப்பட்டபோது, பேசவும் குரல் எழாமல், அவருடைய உரையை மகன் படித்தார். 1895 செப்டம்பர் 28-ஆம் நாள் கண்மூடினார். அந்த நிலையத்திலேயே அடக்கம் செய்தார்கள். முதல் ஊசி பெற்ற சிறுவன் மைஸ்டர் வளர்ந்து, அந்த நிலையத்தின் வாயிற்காவலராக வேலை பார்த்து, 1940 வரை வாழ்ந்தார்.

உலகிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தடுக்க மருந்து இருந்தும் சாகிறார்கள்! ஆகையால் கிளைத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். கடிபட்டவன் காயத்தில் சுண்ணாம்பும் காப்பித்தூளும் மிளகாய்த்தூளும் அப்பவிடாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவச் சொல்லுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லுங்கள். இப்போது ஊசி வயிற்றில் இல்லை, கையில்தான். சில ஊசிகளோடு முடிந்துவிடும், ஆனால் ஒன்றையும் தவறவிடக்கூடாது. ஆழமான காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடவேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டி மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஊராட்சியில் எத்தனை நாய்க்குத் தடுப்பூசி போட்டார்கள், பதிவேடு எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் போய்க் கேளுங்கள்.